கூண்டுக்குள் எரிந்த பல்பு

நான் வேலை பார்க்கும் ஓவியக் கூடத்தில், உள் அறைச் சுவரை முழுவதுமாக அடைத்துக்கொண்டு ஒரு படம் இருக்கிறது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரோ குடியிருந்த பழைய பங்களாவைத்தான் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அந்த அறை முன்பு சாப்பாட்டு அறையாக இருந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், விளக்குகளைப் போட்டுவிட்டு வரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்கள். சுவிட்சைத் தட்டினேன், படத்தைப் பார்த்தேன், "அட, நம்ம வீடு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

படத்தில் இருப்பது இதுதான். தாழ்ந்த கூரையுள்ள ஓர் அறை. அது கொள்ளாத அளவுக்கு ஆட்கள். அவர்களுக்கு நடுவிலும் மேலும் கீழும் கூண்டுகள். கூண்டுகளுக்குள் பறவைகள், ஒரு முயல். சங்கிலியில் ஒரு குரங்கு. எதிலும் அடங்காமல் ஓர் ஆட்டின் தலை. யாருடைய முகமும் முகத்தின் நிறத்தில் இல்லை. ஒரு மனிதனின் கன்னம் பச்சை. ஒரு பையனின் நெற்றி ரோஜா நிறம். எல்லோருக்கும் கைகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. கூண்டுகளின் கறுப்புக் கோடுகள் கூண்டுகளோடு நிற்காமல் மனிதர்களின் முகங்கள் மேலும் ஓடுகின்றன. வலது கீழ் மூலையில், கொஞ்சம் இருட்டில், ஒரு பெண் குனிந்திருக்கிறாள். அவளுடைய முதுகும், குவித்த கைகளும்தான் தெரியும். கையில் என்னவோ வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்குப் படங்களை விளக்க ஒருவர் வருவார். நன்றாகப் படித்தவர், பொறுமையானவர். இந்தப் படத்துக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, கண்ணால் பார்த்ததை வரைவது ஒரு வகை, மனசு பட்ட பாட்டை வரைவது இன்னொரு வகை, இது இரண்டாவது வகை என்பார். "கம்பிகள் மனிதர்கள் மேலேயும் விழுவதைப் பாருங்கள். அடைத்து வைத்தவர்களும் அடைபட்டவர்கள்தான். உள்ளே இருக்கும் வேதனைதான் இப்படி இயற்கைக்கு மாறான நிறமாக வெளியே வந்திருக்கிறது." எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் டிக்கெட் மேசையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டுவேன். அவர் சொல்வது தப்பு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கூடத்தின் அலமாரியில் இருந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களை, கூடத்தை நடத்தும் மேடத்திடம் கேட்டு வாங்கி, போனில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன். அவற்றிலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. வேதனை, பயம், மூச்சுமுட்டல். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் விளக்கைப் போட்டதும் எனக்கு அந்தப் படத்திலிருந்து வருவது ஒரு கதகதப்பு. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே அறையாக இருந்தது. அப்பா மார்க்கெட்டில் பறவைகளும் வளர்ப்புப் பிராணிகளும் விற்கும் கடையில் வேலை பார்த்தார். லவ் பேர்ட்ஸ், புறா, முயல், வெள்ளை எலி, இவற்றோடு கலர் கோழிக்குஞ்சுகள். சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கடையில் இறக்குவார்கள். பச்சை, ரோஸ், ஆரஞ்சு, ஊதா. மார்க்கெட்டுக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் நடப்பதை நிறுத்திவிடும். அது போதும், வியாபாரம் ஆகிவிடும்.

பெங்களூர் குளிர் அந்தக் குஞ்சுகளுக்கு ஆகாது. கடையை மூடும்போது கடை வரிசை முழுவதற்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். விளக்குச் சூடு இல்லாவிட்டால் விடிவதற்குள் குஞ்சுகள் விறைத்துவிடும். அதனால் கார்த்திகையிலிருந்து மாசி வரை, விற்காத குஞ்சுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பெரிய கம்பிக் கூண்டைத் தலையில் வைத்து, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்குள் புகுந்து வருவார். சாக்குக்குள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். ஒரு கண்டக்டர் தினமும் அவரைப் பார்த்துக் கன்னடத்தில் கத்துவார்: "ஏனண்ணா, தலே மேலே ஸ்கூலா?" அப்பா சாக்கைப் பிடித்த கையை எடுக்காமலே, "ஹௌது சார், நைட் ஸ்கூல்!" என்று ஆமாம் போடுவார்.

கூண்டை அறையின் நடுவில் வைத்து, அதற்குள்ளேயே மேல் கம்பியில் ஒரு பெரிய குண்டு பல்பைத் தொங்கவிடுவார். எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது மினுக்கி மினுக்கி எரியும் ஒரு பழைய ட்யூப் லைட். குளிர்காலம் வந்தால்தான் எங்களுக்கு வெளிச்சம் வரும், அதுவும் குஞ்சுகளின் பெயரால். கூண்டுக்குள் விளக்கு எரிவதால் கம்பிகளின் நிழல் பெரிது பெரிதாக நாலு சுவரிலும் விழும், கூரையில் விழும், எங்கள் மேலெல்லாம் விழும். அம்மா காய் நறுக்குவாள், அவள் கன்னத்தில் ஒரு கோடு. அப்பா பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்காருவார், அவர் நெற்றியில் இரண்டு கோடு. கூண்டை ஒட்டி உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். கோடு போடாத நோட்டு வாங்கினாலும் என் நோட்டில் கோடு இருக்கும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், அதைத் தாண்டியும் போன முதல் ஆள் நான்தான். என்னைவிட மூத்தவளான அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். அம்மா வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்ததும், வீட்டையும் குஞ்சுகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான் வாய்விட்டுப் படித்தால் அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். "சத்தமா படிடா, அதுங்களும் கத்துக்கட்டும்" என்று கூண்டைக் காட்டுவார்.

"அதுங்க ஏற்கனவே உன்ன விட நல்லா படிக்குதுங்க" என்பாள் அக்கா.

படுக்கும்போது கூண்டுப் பக்கம் யார் படுப்பது என்று எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. அந்தப் பக்கத்தில் சூடு வரும். "ரெண்டு பேரும் கூண்டுக்குள்ளயே போய்ப் படுங்க, போங்க" என்று அம்மா அதட்டுவாள். குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். பனி ஈரத்தில் அந்தச் சாயம் ஒட்டும். காலையில் எழுந்து பார்த்தால் தலையணை உறை பச்சை, என் கன்னம் பச்சை, அப்பாவின் தாடை ரோஸ். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் முழுவதும் போகாது. அப்படியே பள்ளிக்கூடம் போவேன்.

ஒரு நாள் வகுப்பில் கோழியும் குஞ்சுகளும் வரையச் சொன்னார்கள். கோழியைப் பழுப்பாகத் தீட்டினேன். குஞ்சுகளுக்குப் பச்சை, ரோஸ், ஊதா என்று ஆளுக்கொரு நிறம். மிஸ் குறுக்கே கோடு போட்டு, குஞ்சு மஞ்சளாகத்தான் இருக்கும் என்றார். "இல்ல மிஸ், எங்க வீட்டுல இருக்கு மிஸ், நேத்து கூட பாத்தேன்" என்று விடாமல் வாதாடினேன். சாயம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. குஞ்சுகள் பிறக்கும்போதே அப்படித்தான் வரும் என்றும், மஞ்சளாக இருப்பதுதான் ஏதோ சீக்குக் குஞ்சு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். மிஸ் என் பச்சைக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லிவிட்டார்.

இயற்கைக்கு மாறான நிறம் என்று யாராவது சொன்னால் எனக்கு வேதனை தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

பிறகு கடை கைமாறியது. அப்பா ஓர் அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அக்கா கல்யாணமாகி காக்ஸ் டவுனுக்குப் போனாள். மாமா எலக்ட்ரீஷியன், தங்கமான மனிதர். வருஷங்கள் ஓடின, குழந்தை இல்லை. டாக்டர்கள் இருவரிடமும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இல்லை என்றால் அம்மாவுக்கு இன்னும் பயம். ஒரு ஜோசியரிடம் போய்விட்டு வந்தவள், வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல், "பட்சி பாவமாம்" என்றாள்.

"நீதான் பறவைக் கடைன்னு முதல்லயே உளறியிருப்ப" என்றாள் அக்கா.

"நான் வாயே திறக்கலடி. வீட்டுல யாராவது பட்சிய அடைச்சு வெச்சிருந்தாங்களான்னு அவரேதான் கேட்டார்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் குளிர்காலங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்றாகிவிட்டது. பரணில் கிடந்த பழைய கூண்டை அம்மா காயலான் கடைக்காரரிடம் சும்மாவே தூக்கிக் கொடுத்தாள். நான் தப்பித் தவறி, "அந்த ஊதாக் குஞ்சு ஞாபகம் இருக்கா" என்று ஆரம்பித்தால் முறைப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோழி பிரியாணி மட்டும் நிற்கவில்லை. அக்கா அதைக் கேட்டே விட்டாள். "அது வேற, இது வேற" என்றாள் அம்மா.

போன மார்கழியில் அம்மா பரிகாரத்துக்கு நாள் குறித்துவிட்டாள். தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, அல்சூர் கோயிலில் பூஜை முடித்துவிட்டு, கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கி அக்கா கையால் பறக்கவிட வேண்டும்.

அப்பா தன் பழைய தொழில் விஷயம் என்பதால் வாயைத் திறந்தார். "லவ் பேர்ட்ஸ் கூண்டுலயே பொரிச்சதும்மா. வானத்தப் பாத்ததே கெடையாது. மத்தியானத்துக்குள்ள காக்கா தூக்கிடும்."

"அப்ப சிட்டு வாங்குங்க."

"சிட்டு எவன் விப்பான்? நீ கேட்டாத்தான் எவனாவது போய் வலை போடுவான்."

"உங்க கடையால வந்த வினை. நீங்க பேசாதீங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள், "பாக்கலாம்" என்றாள்.

அக்காவின் "பாக்கலாம்" எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதும் அதைத்தான் சொன்னாள். அவள் சரி என்று சொல்வதற்குப் பதிலாகச் சொல்லும் வார்த்தை அது. கோயிலுக்குப் போய்ப் பறவை விடுவதில் எனக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் மனசு ஆறினால் நல்லதுதான். ஆனால் அக்கா தன் கையால் அதைச் செய்துவிட்டால், அந்தக் குளிர்காலங்கள்தான் தனக்குக் குழந்தை இல்லாமல் செய்தன என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவள் அதைச் சுமப்பாள். எனக்கு என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவை. அவளுக்கு அவை பாவக் கணக்காகப் போய்விடுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. நேராகப் பேசவும் வழியில்லை. பேசினால் அம்மா அழுவாள்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் என்னைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருக்கிறார். "இந்த ஏரியா ஃபுல்லா தமிழ்க்காரங்க. ஒருத்தர் கூட உள்ள வர்றதில்ல. பொங்கல் ஆகிட்டு வர்ற சண்டே தமிழ்ல ஒரு டூர் வெப்போம். நீங்க பேசுங்க" என்றார். பரிகாரத்துக்கு முந்தைய ஞாயிறு அது. எனக்கு உடனே தோன்றியது அக்காதான். அவளை அந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டால் போதும்.

வீட்டில் சொன்னேன். "என்ன படம்?" என்றாள் அம்மா. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கூண்டா? நான் வரல சாமி" என்று எழுந்து போய்விட்டாள். அப்பாவுக்கு டியூட்டி. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"டிக்கெட் உண்டாடா?"

"உனக்கு இல்ல."

"டீ?"

"தருவாங்க."

"பிஸ்கட்டும் தந்தா வர்றேன்."

அன்று காலை நல்ல குளிர். சர்ச்சில் ஆராதனை முடித்துவிட்டு அப்படியே வந்த ஒரு குடும்பம், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள், பட்டுப் புடவை கட்டிய ஒரு நடுத்தர வயது அம்மா, கடைசியில் அக்கா. பச்சை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தவள் மாதிரி பின்னால் ஒதுங்கி நின்றாள். முன் அறைகளில் நான் தடுமாறித்தான் பேசினேன். உள் அறைக்கு வந்ததும் தடுமாற்றம் போய்விட்டது.

பல பேர் இந்தப் படத்தில் வேதனையைப் பார்க்கிறார்கள், அதுவும் சரிதான் என்று தொடங்கினேன். பிறகு, "ஆனா இந்தக் கறுப்புக் கோடு எல்லாம் கம்பி இல்ல, கம்பியோட நிழல்னு வெச்சுப் பாருங்க" என்றேன். "அப்போ வெளிச்சம் எங்க இருக்கு? கூண்டுக்குள்ள. அந்த வீட்டுலயே வெளிச்சமும் சூடும் கூண்டுக்குள்ளதான் இருக்கு. அதான் எல்லாரும் அதைச் சுத்தி நெருக்கிட்டு நிக்கறாங்க. குளிர் காலத்து சாயங்காலம். கன்னத்துல இருக்கற பச்சை, குஞ்சுகளோட சாயம் ஒட்டினது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல அப்படி இருந்துச்சு. இவங்க பயந்து போய் நிக்கல. குளிர் காயறாங்க. இந்த மூலையில இருக்கற பொண்ணு எல்லாத்துக்கும் தீனி வெக்கறா."

ஐடி நண்பர்களில் ஒருவர், "செம பாஸ்" என்றார். சர்ச்சிலிருந்து வந்த பையன் கூண்டுக்குள் பல்பு எங்கே என்று தேட ஆரம்பித்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பட்டுப் புடவை அம்மா மென்மையாகத்தான் சொன்னார். "அழகா சொல்றீங்க தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வாயில்லா ஜீவன அடைச்சு வெச்ச வீடு எதுவும் விளங்கி நான் பாத்ததில்ல."

ஜோசியர் சொன்னதை மறக்கடிக்கத்தான் அக்காவை இங்கே வரவழைத்தேன், இங்கேயும் வந்து அதையே கேட்க வைத்துவிட்டேனே என்று எனக்கு இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். படத்தின் கீழ் மூலைக்கு நேராகக் குனிந்து பார்த்தாள்.

"டேய், அது தீனி இல்லடா" என்றாள்.

வந்தவர்களை நடத்திச் செல்கிறவனை ஒருத்தி 'டேய்' என்றதும் ஐடி நண்பர்கள் சிரித்தார்கள்.

"பின்ன என்ன?" என்றேன்.

"செத்துப் போன குஞ்சு. அவ பொறுக்கறா. மத்தவங்க முழிச்சுக்கறதுக்குள்ள எடுத்துடணும்னு பொறுக்கறா. பாரு, யாராவது அந்தப் பக்கம் திரும்பியிருக்காங்களா?"

யாரும் திரும்பியிருக்கவில்லை. தினமும் விளக்குப் போட்டுப் பார்க்கும் படம். அத்தனை முகங்களும் நடுவில் இருக்கும் கூண்டையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் இருட்டில் குனிந்திருந்தாள்.

"நீங்க டிராயிங் படிச்சவங்களாமா?" என்று பட்டுப் புடவை அம்மா கேட்டார்.

"ஐயோ, இல்லங்க. நான் இவன் அக்கா" என்றாள்.

மீதி அறைகளை எப்படி முடித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் முன் படிக்கட்டில் டீயோடு உட்கார்ந்தோம். பிஸ்கட்டும் கொடுத்திருந்தார்கள். அவள் அதை டீயில் முக்கிக்கொண்டே, பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வது போலச் சொன்னாள்.

எவ்வளவுதான் பல்பு எரிந்தாலும், நெரிசலில் கீழே மாட்டிக்கொண்டதும் கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்கிவிட்டதும் விடிவதற்குள் செத்துவிடுமாம். தண்ணீர் பிடிக்க எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பவள் அவள்தான். கூண்டுக்குள் கைவிட்டு அவற்றை எடுத்து, பேப்பரில் சுற்றி, குடத்தோடு கொண்டுபோய், தெருக் குழாய்க்குப் பக்கத்தில் மண் இருந்த இடத்தில் புதைத்துவிட்டு, அதன் மேல் ஒரு பிடி குருணையும் போட்டுவிட்டு வருவாளாம்.

"குருணை எதுக்கு?"

"பசியோட போக வேணாம்னு."

"தினமுமா?"

"தினமும் சாகாது. பனி ஜாஸ்தியா இருந்தா."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேக்கா."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே எடுத்தேன். நீ ஒண்ணொண்ணுக்கும் பேர் வேற வெச்சுட்டு உக்காந்திருப்ப. எழுந்ததும் 'எங்கக்கா அது'ம்ப. அப்பா எடுத்துட்டுப் போயிட்டாரு, வித்துப் போச்சும்பேன். 'நல்ல வீடாக்கா?'ன்னு கேப்ப. பெரிய பங்களாடா, தோட்டம் இருக்குன்னு சொல்வேன்."

அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்த வெளிச்சம், அந்தச் சூடு, கன்னத்துச் சாயம் எல்லாம் எனக்குக் கெடாமல் இன்றுவரை அப்படியே இருக்கிறது என்றால், ஒவ்வொரு விடியலிலும் ஒருத்தி அதைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். நான் கதகதப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்த படத்தில் அவளும்தான் இருந்தாள். நான் அவளைத் தீனி வைக்கிறவள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஜோசியர் சொன்னத நீ நம்பினியாக்கா?" என்று கடைசியில் கேட்டேன்.

"நம்பினேன்டா." டம்ளரைக் கீழே வைத்தாள். "என் கையாலதானே எடுத்தேன். அம்மா வந்து பட்சி பாவம்னு சொன்ன அன்னிக்கு, என் கையத்தான் நான் பாத்தேன். மாமா கிட்ட கூட சொல்லல. அதான் கோயிலுக்குக் கூப்பிட்டப்ப பாக்கலாம்னேன்."

"இப்ப?"

எதிர்ச் சுவரில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் இன்னும் கழற்றப்படாமல் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் படத்துல அவளப் பாத்தியே. பாவம் பண்ணினவ மாதிரியா இருக்கா? அவ்ளோ பேர் நிக்கறாங்க. குனிஞ்சு பாத்தவ அவ ஒருத்திதான்." பிறகு, "போன எடு. என்னுதுல பேலன்ஸ் இல்ல" என்றாள்.

அம்மா நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர்றேன். பறவ விடறது எல்லாம் நக்கோ, வேணாம்."

"என்னடி சொல்ற? ஆள் கிட்ட சொல்லி வெச்சாச்சு."

"வேணாம்னு சொல்லிடு. செத்த குஞ்சுக்கெல்லாம் செய்ய வேண்டியத நான் அப்பவே செஞ்சுட்டேன்."

"நீ என்ன செஞ்ச?"

அக்கா சொன்னாள். எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாக, குழாயடி, மண், குருணை என்று மட்டும். லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். அப்புறம் அம்மாவின் குரல் வந்தது.

"அப்ப பூனை?"

"எந்தப் பூனை?"

"எதிர் வீட்டுப் பூனைதான் தூக்கிட்டுப் போகுதுன்னு உங்கப்பா சொன்னாரேடி! எண்ணிக்கை கொறையறப்பல்லாம் பூனை பூனைம்பாரு. நான் அதை எவ்ளோ திட்டியிருக்கேன். ஒரு தடவை தொடப்பத்த எடுத்துட்டு சந்து முழுக்கத் தொரத்தினேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப பூனைக்குத்தாம்மா பரிகாரம் பண்ணணும்!"

"சிரிக்காதடி" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கும் குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது. டிக்கெட் மேசையில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் டியூட்டி முடித்து வந்த அப்பாவிடம் பூனையைப் பற்றிக் கேட்டேன். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அவ எடுக்கறது எனக்குத் தெரியும். நான் பாக்கறேன்னு தெரிஞ்சா கூச்சப்படுவா. அதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அம்மா விளக்கேற்றினாள். அக்காவின் நெற்றியில் குங்குமம் வைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. பறவைக்காரர் யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து இலை போட்டு உட்கார்ந்ததும், மாமா சும்மா இருக்காமல், "அந்தப் பூனை என்ன கலர் அத்தை?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், வருஷக்கணக்காக மூடி வைத்திருந்த பேச்சு. நீச்சல் பழக்குகிறேன் என்று நான் ரோஸ் குஞ்சைக் குடத்துக்குள் விட்டது, சாயம் இறங்கி அன்றைக்கு ரசம் ரோஸ் நிறத்தில் வந்தது, அப்பா அதை ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்தன. அம்மாதான் அதிகம் பேசினாள். எனக்கே தெரியாத குஞ்சுகளை எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சக்கரைப் பொங்கலோடு அக்காவின் இலை முன்னால் வந்தபோது, அம்மாவின் பேச்சு நின்றது.

"அப்பல்லாம் இருட்டோட தனியாவாடி குழாயடிக்குப் போவ?"

"ஆமா."

"குளிருமேடி."

"குளிரும்" என்றாள் அக்கா.

அம்மா கரண்டியைச் சாய்த்தாள். போதும் போதும் என்று அக்கா கையால் மறித்தும், விரல்களை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள்.